புதுமனை புகுவிழா, பிள்ளைகள் படம், வீட்டிலிருந்தே புடவை விற்பனை: எதை வெளியே போடலாம், எதை நிறுத்தலாம்?

கொடுமுடி_செல்வி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தை மாசம் புதுமனை புகுவிழா வைத்திருக்கிறோம். பத்திரிகையை ஃபேஸ்புக்கில் போடு, வீட்டை வீடியோ எடுத்துப் போடு என்று சொந்தங்கள் கேட்கிறார்கள், பாதிப் பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பெரியவள் பத்தாம் வகுப்பு, சின்னவன் ஒன்றாம் வகுப்பு. பிள்ளைகள் படத்தை இதுவரை யோசிக்காமல்தான் போட்டு வந்திருக்கிறேன். இதோடு வீட்டிலிருந்தே காட்டன் புடவை விற்கிறேன், ஆர்டர் எல்லாம் இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாகத்தான் வருகிறது.

வீட்டுக்காரர் எதையுமே போடாதே என்கிறார். அப்படி இருந்தால் வியாபாரம் நடக்காது. எந்த விவரம் போனால் பரவாயில்லை, எது போனால் ஆபத்து, அதை எப்படி முடிவு செய்வது? பொதுவான அறிவுரை நிறையப் படித்துவிட்டேன். காரணத்தோடு சொன்னால் வீட்டிலும் விளக்க வசதியாக இருக்கும்.

பூட்டும்சாவியும்:

செல்வி, ஒவ்வொரு விவரத்தையும் தனியா எடுத்து "இது ரகசியமா?"ன்னு கேட்டா எல்லாத்துக்கும் "இல்லை"ன்னுதான் பதில் வரும். பிறந்தநாள் தெருவுக்கே தெரியும், ஃபோன் நம்பர் பத்திரிகையில இருக்கு, பையன் படிக்கிற ஸ்கூலை யூனிஃபார்ம் சொல்லிடும். இதெல்லாம் ஒரே ஆள் கையில ஒண்ணா சேர்ந்தா என்ன செய்ய முடியும்ங்கிறதுதான் கேள்வி.

உதாரணத்துக்கு உங்க மொபைல் நம்பர். யுபிஐ ஆப்ல அதைப் போட்டுப் பார்த்தாலே வங்கிக் கணக்குல இருக்கிற பெயர் வந்துடும். வாட்ஸ்அப்ல சேமிச்சா முகப்புப் படம் வரும், அதுல பிள்ளைகள் இருந்தா அவங்க முகமும் வரும். அந்தப் பெயரை ஃபேஸ்புக்ல தேடினா ஊர், வேலை, சொந்தக்காரர் பட்டியல் எல்லாம் கிடைக்கும். மொத்தம் ரெண்டு நிமிஷ வேலை, யாரும் எதையும் ஹேக் பண்ணத் தேவையில்லை. அமெரிக்க ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி 2000ல காட்டினது இதைத்தான்: அஞ்சல் குறியீடு, பாலினம், முழுப் பிறந்த தேதி, இந்த மூணு இருந்தாலே அந்த நாட்டு மக்கள்ல 87 சதவீதம் பேரைத் தனித்தனியா அடையாளம் கண்டுட வாய்ப்பு இருக்கு.

நான் மூணு வகையா பிரிப்பேன்.

மாத்தவே முடியாதது: பிறந்த தேதி, அம்மா பெயர், முகம், கைரேகை, ஆதார் எண். இதுல எதையும் முழுசா வெளியே விடாதீங்க. முகம் மட்டும்தான் விதிவிலக்கு, அதுவும் பெரியவங்க விருப்பப்பட்டா.

மாத்தலாம், ஆனா பாடு அதிகம்: ஃபோன் நம்பர், வீட்டு முகவரி, பிள்ளைகள் படிக்கிற ஸ்கூல். இதைத் தேவைப்படுற ஆளுக்குத் தனியா அனுப்புங்க, சுவர்ல ஒட்டாதீங்க.

நேரம் தாண்டினா மதிப்பு போயிடுறது: இப்போ எங்க இருக்கோம், எத்தனை நாள் வீடு பூட்டியிருக்கும். குலதெய்வம் கோயிலுக்குப் போனா திரும்பி வந்த பிறகு படம் போடுங்க. இதுக்கு மறைக்கத் தேவையில்லை, தாமதம் மட்டும் போதும்.

பிறந்த தேதியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நம்ம ஊர்ல அது பாதி இடத்துல சாவி. ஆதார் பிடிஎஃப் கோப்போட பாஸ்வேர்டு பெயரோட முதல் நாலு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும். இ-பான் கோப்புக்குப் பிறந்த தேதியேதான் பாஸ்வேர்டு. பல வங்கிகளோட மாத அறிக்கைக்கும் பிறந்த தேதியை வச்சுத்தான் பாஸ்வேர்டு. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்ல அழிக்காம விட்ட ஒரு கோப்பு யார் கையிலயாவது சிக்கினா, அதைத் திறக்கிற சாவி உங்க பிறந்தநாள் பதிவுலயே இருக்கும்.

ஃபேஸ்புக்ல பிறந்த நாள்-மாதத்துக்கு ஒரு அமைப்பு, வருஷத்துக்குத் தனி அமைப்பு. வருஷத்தை "நான் மட்டும்"னு வச்சுடுங்க. கேக் மேல 6ன்னு எண் மெழுகுவத்தி வச்ச படத்தை அன்னைக்கே போட்டா முழுப் பிறந்த தேதியையும் எழுதிக் கொடுத்த மாதிரிதான். எண் தெரியாத படமா எடுத்து நாலைஞ்சு நாள் கழிச்சுப் போடுங்க.

பெரியவ பத்தாவதுன்னு சொன்னீங்க. ரிசல்ட் வந்ததும் மதிப்பெண் பட்டியலைப் போடுற பழக்கத்தை இந்த வருஷம் நிறுத்துங்க. அதுல பதிவு எண், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், பள்ளி எல்லாம் ஒரே தாள்ல இருக்கு. மொத்த மதிப்பெண்ணை எழுதி வாழ்த்து வாங்கிக்கலாமே.

தென்காசிச்_சாரல்:

இவ்வளவு பயப்பட வேண்டாம்னு தோணுது. கணக்கை பிரைவேட் ஆக்கிட்டு, தெரிஞ்சவங்களை மட்டும் சேர்த்தா போதாதா?

மு. தாமரை:

போதாது, காரணம் சொல்கிறேன். பிரைவேட் ஆக்கினாலும் முகப்புப் படம், பெயர், அறிமுக வரிகள், எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். சேர்ந்திருக்கும் 400 பேரில் ஒருவருடைய கணக்கு களவு போனாலும் திருடியவருக்கு எல்லாமே தெரியும். இன்ஸ்டாகிராம் ஸ்டோரியையோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையோ ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் உங்களுக்குத் தகவல் வராது. தன் கணக்கைப் பொதுவாகத் திறந்து வைத்திருக்கும் ஒரு உறவினர் உங்கள் பிள்ளையின் படத்தைத் தன் பக்கத்தில் போட்டால் உங்கள் பூட்டு அங்கே வேலை செய்யாது. செல்விக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: இன்ஸ்டாகிராமில் தொழில்முறைக் கணக்கைப் பிரைவேட் ஆக்கவே முடியாது.

பிரைவேட் செய்வதைவிட அவசரமாகச் செய்ய வேண்டியது ஃபேஸ்புக் நண்பர் பட்டியலை மறைப்பது. போலிக் கணக்கு மோசடி நடக்கும் விதத்தைப் பாருங்கள். உங்கள் முகப்புப் படத்தை எடுத்து அதே பெயரில் கணக்கு தொடங்குவார்கள். பிறகு உங்கள் நண்பர் பட்டியலைத் திறந்து ஒவ்வொருவருக்கும் நட்பு அழைப்பு அனுப்பி, "அவசரம், 15,000 அனுப்பு, நாளைக்குத் தந்துவிடுகிறேன்" என்பார்கள். படத்தை முழுதாகத் தடுக்க முடியாது. பட்டியல் தெரியாவிட்டால் யாரிடம் கேட்பது என்றே அவர்களுக்குத் தெரியாது. அமைப்புகளில் "உங்கள் நண்பர் பட்டியலை யார் பார்க்கலாம்" என்ற இடத்தில் "நான் மட்டும்" வையுங்கள்.

அதே பகுதியில் "உங்கள் ஃபோன் எண்ணை வைத்து யார் உங்களைத் தேடலாம்" என்று ஒரு கேள்வி இருக்கும். அதையும் இறுக்குங்கள். 2021 ஏப்ரலில் 106 நாடுகளைச் சேர்ந்த 53 கோடிக்கும் அதிகமான ஃபேஸ்புக் பயனர்களின் விவரம் இணையத்தில் இலவசமாகக் கிடந்தது. பாஸ்வேர்டு உடைத்து எடுத்ததல்ல. தொடர்பு எண்களை ஏற்றி நண்பர்களைத் தேடும் வசதியில் எண்களை மொத்தமாகக் கொட்டி, எந்த எண் யாருடையது என்று பொருத்தி எடுத்திருந்தார்கள். இதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அபராதம் கட்டியதால் அந்த எண்கள் திரும்பி வரவில்லை.

வாட்ஸ்அப்பில் முகப்புப் படத்தை "என் தொடர்புகள்" என்று மாற்றுங்கள். குழுக்களில் யார் உங்களைச் சேர்க்கலாம் என்பதற்கும் அதையே வையுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பில் ஆறு இலக்க பின் போடுங்கள். அது இருந்தால் ஓடிபி ஏமாந்து போனாலும் கணக்கு உடனே கைமாறாது.

தறிச்சத்தம்:

அக்கா, வியாபாரப் பக்கத்தைப் பத்தி நான் சொல்றேன். தனி சிம், தனி மெயில் ஐடி, அதுல வாட்ஸ்அப் பிசினஸ். ரெண்டு சிம் போடுற ஃபோன்ல சாதா வாட்ஸ்அப்பும் பிசினஸ் வாட்ஸ்அப்பும் ஒண்ணா ஓடும், புது ஃபோன் வேண்டாம். இன்ஸ்டா கடைக் கணக்கையும் அந்த மெயில்லயே தொடங்குங்க. குடும்பக் கணக்கோட ஒரே நம்பர் இருந்தா உங்க கஸ்டமருக்கு உங்க குடும்பக் கணக்கைப் பரிந்துரைச்சு காட்ட வாய்ப்பு இருக்கு. முகவரிக்கு ஊர் பெயர் மட்டும் போதும், கதவு எண் வேண்டாம்.

யுபிஐ ஐடி உங்க மொபைல் நம்பரிலேயே இருந்தா மாத்துங்க. பெரும்பாலான ஆப்ல கடைப் பெயர் மாதிரி ஒரு ஐடி உருவாக்கிக்கலாம். க்யூஆர் ஸ்டிக்கரைப் படத்துல காட்டினாலும் அதுக்குள்ள அந்த ஐடி இருக்கும்ங்கிறதை மறந்துடாதீங்க.

பெரிய தப்பு நடக்கிறது "இன்னைக்கு அனுப்பின பார்சல்கள்"னு போடுற படத்துலதான். இருபது பார்சலை அடுக்கி மேலிருந்து எடுப்பாங்க. ஒவ்வொரு லேபிள்லயும் கஸ்டமரோட பெயர், வீட்டு முகவரி, ஃபோன் நம்பர் பளிச்னு தெரியும். அது உங்க விவரம் இல்ல, அவங்க உங்களை நம்பிக் கொடுத்தது. லேபிள் பக்கம் கீழே இருக்கிற மாதிரி அடுக்கி எடுங்க. பேமென்ட் ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான், பெயர், யுபிஐ ஐடி, பரிவர்த்தனை எண் மூணும் இருக்கும். இது கையில இருந்தா "உங்க 1,850 ரூபாய் ஆர்டர்ல சிக்கல், ரீஃபண்ட் லிங்க் அனுப்புறோம்"னு அந்தக் கஸ்டமருக்கே ஃபோன் பண்ணுவாங்க. தொகை சரியா இருக்கும், நாளும் சரியா இருக்கும், யாரா இருந்தாலும் நம்பிடுவாங்க.

மறைக்கும்போது ஃபோன்ல வர்ற ஹைலைட்டர் பேனாவால தேய்க்காதீங்க. அது பாதி ஒளி ஊடுருவும், வெளிச்சத்தைக் கூட்டினா அடியில இருக்கிற எழுத்து தெரியும். கெட்டியான கறுப்புக் கட்டம் வச்சு மூடி, அந்தப் படத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் போடுங்க. வெட்டி எடுத்த படத்தையும் அப்படியே நம்பக்கூடாது. கூகுள் பிக்சல் ஃபோன்ல வெட்டின ஸ்கிரீன்ஷாட்டோட வெட்டுப்பட்ட பகுதியைத் திரும்ப எடுக்க முடியுதுன்னு 2023ல கண்டுபிடிச்சாங்க. ஃபோனைச் சரி பண்ணிட்டாங்க, அதுக்கு முன்னாடி பகிர்ந்த படங்களைச் சரி பண்ண வழி இல்ல.

பூட்டும்சாவியும்:

புதுமனை விஷயத்தைத் தொடாம விட்டுட்டேன்.

பத்திரிகையை ரெண்டா அடிச்சுக்கோங்க. கையில கொடுக்கிறதுல எல்லாம் இருக்கட்டும். வெளியே போடுறதுல பெயர், நாள், ஊர் மட்டும். கதவு எண், கூகுள் மேப் இணைப்பு, நம்பர் இதெல்லாம் தனித்தனியா அனுப்புங்க. அனுப்பும்போது படமா அனுப்புங்க. கல்யாணப் பத்திரிகைன்னு சொல்லி ஏபிகே கோப்பை (ஃபோன்ல ஆப் நிறுவுற கோப்பு) அனுப்பி ஃபோனைக் கைப்பற்றுற மோசடி நடந்துட்டு இருக்கு. "எங்க பத்திரிகை படமாத்தான் வரும், வேற கோப்பு வந்தா திறக்காதீங்க"ன்னு சொந்தங்களுக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதிடுங்க.

வீட்டைச் சுத்திக் காட்டுற வீடியோ வேண்டாம்னு அழுத்தமா சொல்வேன். பின்கதவு எந்தப் பக்கம், என்ன பூட்டு, கேமரா எங்க பார்க்குது, பூஜை அறை வெள்ளிச் சாமான், பீரோ எந்த அறையில, மொத்த வரைபடமும் அதுல இருக்கு. வாசல்ல எடுத்தா ஈபி மீட்டர் பெட்டியில எழுதின இணைப்பு எண்ணும் விழும். "இன்னைக்கு ராத்திரி கரண்ட் கட் ஆகும்"னு வர்ற போலி மெசேஜ்ல உங்க இணைப்பு எண்ணே இருந்தா எப்படி நம்பாம இருப்பீங்க? கோலம், நிலைவாசல் மாவிலைத் தோரணம், பால் பொங்குறது, ஹோமம், இப்படி நெருக்கமா எடுத்த பத்துப் படம் அழகாவும் இருக்கும், ஒண்ணையும் காட்டிக் கொடுக்காது.

படத்துக்குள்ள மறைஞ்சிருக்கிற இடக் குறியீட்டையும் பாருங்க. கேமராவுல லொகேஷன் அனுமதி இருந்தா எடுத்த இடம் படக்கோப்புலயே பதிவாகும். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாவும் மத்தவங்க பார்க்கிற படத்துல அதை நீக்கிடுது. வாட்ஸ்அப்ல படமா அனுப்பினாலும் நீங்கிடும். டாக்குமென்ட்டா அனுப்பினா அப்படியே போகும். தெளிவு குறையக்கூடாதுன்னு எல்லாரும் டாக்குமென்ட்டா அனுப்புற காலம் இது, அதனால கேமரா ஆப்போட அமைப்புல போய் லொகேஷனையே அணைச்சு வச்சுடுங்க.

சிங்கப்பூர்லேர்ந்து வர்றவங்க கிட்ட போர்டிங் பாஸ் படம் போட வேண்டாம்னு சொல்லுங்க. ஆஸ்திரேலியாவோட முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020ல இன்ஸ்டாகிராம்ல அப்படி ஒண்ணு போட்டார். அதுல இருந்த முன்பதிவு எண்ணையும் பெயரையும் வச்சு விமான நிறுவனத் தளத்துல நுழைஞ்ச ஒருத்தர் அவரோட பாஸ்போர்ட் எண்ணையும் ஃபோன் நம்பரையும் எடுத்துட்டார். எடுத்தவர் நல்லவர், அரசாங்கத்துக்குத் தகவல் சொல்லிட்டார்.

கொடுமுடி_செல்வி:

ரொம்ப நன்றி. பார்சல் படம் என் பக்கத்தில் நிறைய இருக்கிறது, இன்றைக்கே நீக்குகிறேன். இரண்டு சந்தேகம். பழைய ஃபேஸ்புக் பதிவுகள் எட்டு வருஷத்துக்கு இருக்கின்றன, ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டுமா? இன்னொன்று, நான் போடாவிட்டாலும் நாத்தனாரும் சித்தியும் பிள்ளைகள் படத்தைப் போடுகிறார்கள். மகளின் சடங்குப் படம் கூட ஒருவர் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. சட்டத்தில் இதற்கு ஏதாவது உண்டா?

மு. தாமரை:

முதலில் சட்டம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே உதவாது. ஒருவர் தன் சொந்த, வீட்டுப் பயன்பாட்டுக்காகக் கையாளும் விவரங்களுக்கு அது பொருந்தாது என்று 3ஆம் பிரிவே சொல்கிறது. சித்தியின் பதிவு பெரும்பாலும் அதற்குள் போய்விடும். அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது, எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது: நீங்களே பொதுவெளியில் வைத்த உங்கள் விவரத்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் போடுவதற்கு முன் யோசிப்பதுதான் நம் கையில் இருக்கும் வலுவான கருவி.

சடங்குப் படத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஒரு பெண் பிள்ளையின் உடல் சார்ந்த விஷயம் அது. வகுப்புத் தோழர்கள் கண்ணில் பட்டால் அவள் தினமும் பள்ளியில் அதைச் சுமக்க வேண்டியிருக்கும். நகை, அலங்காரத்தோடு நெருக்கமாக எடுத்த முகம் தெரிவதால் முகம் மாற்றி ஒட்டுபவர்களுக்கும் அது வசதி. உறவினரிடம் தப்பு செய்துவிட்டீர்கள் என்கிற தொனியில் பேசினால் படம் அப்படியே இருக்கும். இப்படி அனுப்பிப் பாருங்கள்: "சித்தி, படம் ரொம்ப நல்லா இருக்கு, நாங்களும் எடுத்து வச்சுக்கிட்டோம். பாப்பா ஸ்கூல் பிள்ளைங்க பார்ப்பாங்கன்னு கூச்சப்படுறா, ஃபேஸ்புக்ல இருந்து மட்டும் எடுத்துடுங்க." மகளைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள், அவள் சொல்லாததை அவள் பெயரில் சொல்ல வேண்டாம்.

இனிமேல் அவள் படம் எதுவானாலும் அவளைக் கேட்டுத்தான். பதினைந்து வயதுப் பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சின்னவனுக்கு நீங்கள் முடிவெடுக்கிறீர்கள், அதனால் கண்டிப்பு கூடுதலாக இருக்கட்டும்: குளிக்கும் படம், அழும் படம், யூனிஃபார்ம், அடையாள அட்டை, பள்ளி வேன் நிற்கும் இடம் எதுவும் வேண்டாம்.

உங்களையோ பிள்ளைகளையோ குறியிட்டு (டேக் செய்து) மற்றவர்கள் போடுவதற்குக் கடிவாளம் உண்டு. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் குறியீடுகளை நீங்கள் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே உங்கள் பக்கத்தில் தெரியும்படி வைக்கலாம். அவர் பக்கத்தில் அது இருக்கத்தான் செய்யும், உங்கள் நண்பர்களிடம் பரவுவது குறையும்.

சிங்கப்பூர் சொந்தங்களுக்கு இருபது, முப்பது பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு போதும். மறையும் செய்திகளை 7 நாள் அல்லது 90 நாள் என்று வையுங்கள். அதற்கு முன் சேமித்தவர்களிடம் படம் இருக்கும், ஆனால் பத்து வருஷப் படங்களும் ஒவ்வொருவர் ஃபோனிலும் குவியாது.

பூட்டும்சாவியும்:

பழைய பதிவுக்கு: ஃபேஸ்புக் அமைப்புல "கடந்த பதிவுகளை வரம்பிடு"ன்னு ஒண்ணு இருக்கு. பொதுவா வச்சது, நண்பர்களின் நண்பர்களுக்குன்னு வச்சது எல்லாமே ஒரே அடியில "நண்பர்கள்"னு மாறிடும். திரும்பப் பழையபடி மாத்தணும்னா ஒவ்வொண்ணாத்தான் மாத்தணும், அதனால வியாபாரத்துக்காகப் பொதுவா விட வேண்டிய பதிவு ஏதாவது இருந்தா முன்னாடியே குறிச்சு வச்சுக்கோங்க. அடுத்து செயல்பாட்டுப் பதிவேட்டைத் திறந்து வருஷவாரியா வடிகட்டி, பிள்ளைகள் படம், மதிப்பெண் பட்டியல், பார்சல் படம் எல்லாத்தையும் மொத்தமா தேர்ந்தெடுத்துக் குப்பைக்கு அனுப்புங்க. 30 நாள் அங்க இருந்துட்டு அழியும், சந்தேகமா இருந்தா அதுக்குள்ள மீட்டுக்கலாம். நண்பர் பட்டியல்ல யாருன்னே தெரியாதவங்களை நீக்குங்க, நீக்கினது அவங்களுக்குத் தெரியப்படுத்தப்படாது. எல்லாம் முடிஞ்ச பிறகு உங்க பக்கத்தை மத்தவங்க பார்வையில காட்டுற வசதியைத் திறந்து ஒரு தடவை பாருங்க. உங்க நம்பரை மேற்கோள் குறிக்குள்ள போட்டு கூகுள்ல தேடுங்க, பழைய விளம்பரம் ஏதாவது எட்டிப் பார்க்கும்.

"உங்க குணம் எந்த மிருகம் மாதிரி"ங்கிற வினாடி வினா ஆப்புகளுக்குக் கொடுத்த அனுமதியையும் அதே அமைப்புல போய் ரத்து பண்ணுங்க. ஃபேஸ்புக் பயனர் விவரங்களை எடுத்து அரசியல் பிரசாரத்துக்குப் பயன்படுத்தின கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவன விவகாரத்துல அப்படி ஒரு ஆப்பை நிறுவினவங்க சுமார் 2,70,000 பேர். அவங்களோட நண்பர்கள் வழியா 8.7 கோடி பேர் வரைக்கும் விவரம் போயிருக்கலாம்னு ஃபேஸ்புக்கே சொன்னது.

தறிச்சத்தம்:

ஒண்ணு விட்டுப் போச்சு. உங்க பெயர்ல போலிக் கணக்கு வந்தா ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுக்காதீங்க, அந்தக் கணக்கோட இணைப்பையும் நகல் எடுத்து வையுங்க. பெயரை ஒரு நிமிஷத்துல மாத்திடுவாங்க, இணைப்பு இருந்தாத்தான் புகார் நிக்கும். பிறகு உங்க உண்மைக் கணக்குலேர்ந்து "என்னைப் போல் நடிக்கிறார்"ங்கிற காரணத்துல புகார் கொடுங்க, தெரிஞ்சவங்களையும் கொடுக்கச் சொல்லுங்க. யாராவது பணம் அனுப்பியிருந்தா அவங்க உடனே 1930க்கு ஃபோன் பண்ணணும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள முடக்கினாத்தான் உண்டு, அதனால காலையில பார்த்துக்கலாம்னு விடக்கூடாது. பணம் போகலேன்னாலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துல பதிவு பண்ணுங்க. அடுத்தவர் அடையாளத்தைத் திருடுறதுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவுல மூணு வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் இருக்கு.

கடைக் கணக்குக்கு இரண்டு படிச் சரிபார்ப்பு போட்டுட்டு, அப்போ வர்ற மீட்புக் குறியீடுகளை நோட்டுல எழுதி பீரோவுல வையுங்க. ஃபோன் தொலைஞ்சா கணக்கைத் திரும்ப எடுக்க அதுதான் கை கொடுக்கும்.